ஒரே கவுண்டர், ஒரே குவளை: ஓர் ஆங்கிலக் கிராமத்து பப்பில் நாங்கள் பார்த்தது

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பழமை மாறாத ஒரு கிராமத்து பப்பைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பார்கள். ‘பழமை மாறாத’ என்ற சொல்லே நமக்குக் கொஞ்சம் உறுத்தும். நம் பக்கம் பழமை மாறாத கிராமம் என்றால் ஊர் தனி, சேரி தனி என்றுதானே பொருள்? இருந்தும் போனோம். கருத்தரங்குக்காக வுல்வர்ஹாம்ப்டன் வந்திருந்த நாங்கள் மூன்று பேர், அங்கே வாழும் பஞ்சாபி அம்பேத்கரியத் தோழர்கள் இரண்டு பேர், அவர்களில் ஒருவருடைய தந்தை. பக்கத்து ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்.

பழைய செங்கல் கட்டடம். உத்தரம் தாழ்வு என்பதால் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு மேலே கடையின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதிய பலகை. உள்ளே டிவி இல்லை, பாட்டு இல்லை. கணப்பில் விறகு எரிகிறது. கைப்பம்பை இழுத்து, நிலவறைப் பீப்பாயிலிருந்து பியர் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு பாட்டி நாயைக் காலடியில் படுக்க வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களில் இரண்டு பேர் குடிப்பதில்லை. ஆரஞ்சுச் சாறு கேட்டார்கள், கிடைத்தது.

நாங்கள் கவனித்தது கவுண்டரைத்தான். அங்கே மேசைக்கு வந்து யாரும் கேட்பதில்லை. பண்ணையாராக இருந்தாலும் பண்ணை வேலைக்காரராக இருந்தாலும் எழுந்து போய் நின்று வாங்க வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பிறகு யார் வந்தார் என்பது கவுண்டரில் இருக்கும் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். முந்தப் பார்த்தவரிடம் ‘இவர்தான் அடுத்து’ என்று எங்களைக் காட்டினார். குவளையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பைண்ட் குவளையில் அளவு முத்திரை உண்டு. ஒரு பைண்ட் என்றால் 568 மில்லி. யார் வாங்கினாலும் அதே அளவு, அதே கண்ணாடி. குடித்து முடித்ததும் எல்லாக் குவளைகளும் ஒன்றாகவே கழுவப் போகின்றன. தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நடுவில் ஒரு மரத் தடுப்பு. ஒரு பக்கம் ‘பப்ளிக் பார்’: வெறும் பலகைத் தரை, மர பெஞ்சு. மறுபக்கம் ‘சலூன் பார்’: கம்பளம், மெத்தை நாற்காலி. நம்மூரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. அதிலும் நமக்கு இடம் கிடைக்காத ஊர்கள் உண்டு. இங்கே சலூன் என்பது வசதியானவர்களின் அறை. முன்பு அதே பியருக்கு அந்தப் பக்கத்தில் விலை கூடுதல். ஒரே கூரை, ஒரே பீப்பாய், இரண்டு வர்க்கம். பின்னாளில் பெரும்பாலான பப்புகளில் தடுப்பை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள். இடிக்காமல் தப்பியவற்றைத்தான் இன்று ‘பழமை மாறாதவை’ என்று பாதுகாக்கிறார்கள். இப்போது யாரும் எந்தப் பக்கமும் உட்காரலாம். நாங்கள் சலூன் பக்கம் உட்கார்ந்தோம்.

தோழரின் தந்தை அறுபதுகளில் வந்தவர். இரும்பு வார்ப்பாலையில் உழைத்தவர். அவர் சொன்னார்: “அப்போது நான் இந்தப் பக்கம் உட்கார முடியாது. வேலை முடிந்து கரியோடு போனாலும் சரி, குளித்துக் கோட்டு போட்டுப் போனாலும் சரி, பப்ளிக் பாருக்குப் போ என்பார்கள். சில கடைகளில் அதுவும் இல்லை.”

இதே நாட்டின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். 1943இல் லங்காஷயரில் பாம்பர் பிரிட்ஜ் என்ற ஊரில் அமெரிக்க ராணுவத்தின் கறுப்பின வீரர்கள் தங்கியிருந்தார்கள். பப்புகளில் நிறத் தடை போடச் சொன்னது அமெரிக்கத் தரப்பு. ஊரிலிருந்த மூன்று பப்புகளும் ‘கறுப்பின வீரர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிப் பதில் சொன்னதாக அந்த ஊர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. அந்த ஜூன் 24 இரவு, ‘யே ஓல்ட் ஹாப் இன்’ என்ற கூரை வேய்ந்த பப்பில் ராணுவக் காவலர்களோடு தொடங்கிய தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. வில்லியம் கிராஸ்லேண்ட் என்ற கறுப்பின வீரர் உயிரிழந்தார்.

இருபது ஆண்டுகள் கழித்து, விருந்தாளியாக வந்து போகும் வீரருக்குக் கிடைத்த மரியாதை, உழைத்து அங்கேயே குடியிருக்க வந்தவருக்குக் கிடைக்கவில்லை. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக் நகரில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜூல் இதை எதிர்த்து வேலை செய்தார். முறை எளியது. முதலில் வெள்ளையரான மாணவர் போய் வாங்குவார். பின்னாலேயே இந்தியர் போய்க் கேட்பார். மறுத்தால் அதுவே சாட்சி. 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் வந்தார். ஜூல் அவரை ‘புளூ கேட்ஸ்’ பப்புக்கு அழைத்துப்போனார். உள்ளறையில் மறுத்தார்கள், பப்ளிக் பாருக்குப் போகச் சொன்னார்கள். ஒன்பது நாட்களில் மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் முதன்முறையாக வந்தது.

“சட்டம் வந்ததும் மாறிவிட்டதா?” என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். “கடைக்காரன் எங்களுக்குப் பயப்படவில்லை. வாசலுக்கு மேலே இருக்கும் அந்தப் பலகைக்குத்தான் பயந்தான். உரிமம் புதுப்பிக்கும் நாளில் போய் நின்றோம், எங்களுக்கு மறுத்தவனுக்குக் கொடுக்காதே என்றோம். வருஷா வருஷம் போனோம்.”

இளம் தோழர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பிரிட்டன் 1965இல் செய்ததை நாம் 1955இலேயே செய்துவிட்டோம். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று வந்து, இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது அதுதான். அதன் பிரிவு 4, பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பிரிவு 6, மற்றவர்களுக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுப்பதைக் குற்றம் என்கிறது. அந்த ஆங்கிலக் கவுண்டரில் நாங்கள் பார்த்தது இந்த வாசகத்தைத்தான். பிரிவு 8 இன்னும் முக்கியம்: பிரிவு 6இன் கீழ் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். இரட்டைக் குவளைக்கு எதிராக எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறோம். எத்தனை வழக்கில் பிரிவு 8ஐக் கேட்டிருக்கிறோம்?

அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ‘நாடோடிகளுக்கு இடமில்லை’ என்று பலகை வைத்த ஒரு லண்டன் பப்பின் மீதான வழக்கில், ஜிப்சி மக்களும் இனச் சட்டத்தின் பாதுகாப்புக்குரியவர்களே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல 1988 ஆனது. சாதியை சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கும் கோரிக்கையை 2018இல் பிரிட்டிஷ் அரசு கைவிட்டது. இதன் பொருளைப் பெரியவர் ஒரே வரியில் சொன்னார்: “கவுண்டரில் நின்ற வெள்ளைக்காரன் என் சாதியைக் கேட்டதே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்த நம்மாள்தான் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். சொன்ன பிறகு மறுநாள் வேறு மேசைக்குப் போய்விட்டான்.”

நிறத் தடையை எதிர்த்து ஒன்றாக நின்ற கூட்டத்துக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருந்தது. ஆகவே நமக்கு வேலை இரண்டு. நம் ஊர்த் தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளை ஒருவருக்கும் தூக்கி எறியும் கப் இன்னொருவருக்கும் போகிறதா என்று பாருங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தேதி, நேரம், சாட்சி மூன்றையும் எழுதி வையுங்கள். புகாரில் பிரிவு 6ஐ விடாதீர்கள். தீர்ப்பு வரும் நாளில் பிரிவு 8ஐக் கேளுங்கள். இது முதல் வேலை. கூட வரும் தோழர் கூட்டம் முடிந்தபின் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கவனிப்பது இரண்டாவது.