வரைபடத்தோடு விற்கப்பட்ட கணினி

நுண்செயலி, நினைவகம், வெளிக்கருவிகளுக்கான இணைப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த கணினி ஒற்றைப் பலகைக் கணினி எனப்படும். அதன் வடிவமைப்பை எவரும் பெற்று, ஆராய்ந்து, மாற்றி, உற்பத்தி செய்து விற்கவும் உரிமை வழங்கப்பட்டிருப்பின் அது திறந்த வன்பொருள் ஆகும். 2011 பிப்ரவரியில் வெளியான திறந்த வன்பொருள் வரையறையின் முதல் பதிப்பு இவ்வுரிமைகளைத் தொகுத்துரைத்ததால், இத்தகைய பலகைகள் கட்டற்ற மென்பொருள் கொள்கையிலிருந்து கிளைத்தவை எனக் கொள்வது இயல்பே. எனினும், பலகைகளையே சான்றாகக் கொண்டு பின்னோக்கிச் சென்றால், தேடல் சில்லு வணிகத்தில் போய் முடிகிறது.

1976-இல் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 245 டாலருக்கு விற்ற கிம்-1, அந்நிறுவனத்தின் 6502 நுண்செயலியைப் பொறியாளர்களுக்கு அறிமுகப்படுத்த உருவான பலகை. சிறு விசைப்பலகையும் ஆறு இலக்கக் காட்டியும் ஏறத்தாழ 1 கிலோபைட் நினைவகமும் கொண்ட அதனுடன் முழு மின்சுற்று வரைபடமும், அதனை இயக்கும் அடிப்படை நிரலின் வரிகளும் வாங்குவோர் கையில் தரப்பட்டன. இதைத் தாராள மனம் என்று சொல்வதற்கில்லை. பலகையைப் பார்த்துத் தம் கருவிக்குள் அதே சுற்றைப் பொறியாளர் அமைத்துக்கொண்டால்தான் சில்லுகள் ஆயிரக்கணக்கில் விலைபோகும்.

2008-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்களான ஜெரால்ட் கோலி, ஜேசன் கிரிட்னர் ஆகியோரின் முயற்சியில் 149 டாலர் விலையில் வந்த பீகிள்போர்டுக்குப் பின்னாலும் இதே கணக்கு இருந்தது. ஆனால் இம்முறை வரைபடம் உரிமத்தோடு வந்தது. 2013-இல் 45 டாலருக்கு வெளிவந்த பீகிள்போன் பிளாக்கில் இவ்வழி முதிர்ந்தது. இரு வரிசைத் தொகுதிகளாக 92 இணைப்பு முனைகள் கொண்ட அப்பலகையின் சில்லுக்குள், லினக்ஸ் ஓடும் முதன்மைச் செயலியைத் தவிர, 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் இரு சிறு செயலிகளும் உள்ளன; இயக்குதளம் வேறு பணியில் மூழ்கியிருக்கும்போதும் மோட்டாருக்கான துடிப்பைக் குறித்த கணத்தில் அனுப்புவது இவற்றின் வேலையாதலால், கருவிகளுக்குள் பதித்து இயக்கும் கணினிக்கு இவை இன்றியமையாதவை. (பெரும்புகழ் பெற்ற ராஸ்பெரி பை தன் முழு வரைபடத்தை வெளியிடவில்லை, புகழுக்குத் திறப்பு தேவையில்லை போலும்.)

வரைபடம் கிடைப்பது வேறு, அதைக் கொண்டு பலகை செய்ய முடிவது வேறு. பீகிள்போன் பிளாக்கின் சில்லு, அடிப்புறம் முழுவதும் 324 பற்றாசு உருண்டைகளால் பொருத்தப்படுவது; பலகையோ ஆறு அடுக்குகளால் ஆனது; வடிவமைப்புக் கோப்புகளும் விலையுயர்ந்த மென்பொருளில் வரையப்பட்டவை. சட்டப்படி திறந்த அதனைச் சிறு பட்டறையில் படியெடுப்பது கடினம். பல்கேரியாவின் பிளாவ்டிவ் நகரிலுள்ள ஒலிமெக்ஸ் நிறுவனம், 2012-இல் ஒலினக்ஸினோ வரிசையைத் தொடங்கியபோது, ஓரங்களில் 128 கால்கள் நீட்டிய, கையாலேயே பற்றவைக்கக்கூடிய ஒரு மெதுவான சில்லைத் தேர்ந்தது. வேகத்தை விட்டுக்கொடுத்துச் செய்யத்தக்க தன்மையைப் பெற்ற அத்தேர்வே உண்மையான திறப்புக்கு நெருக்கமானது எனலாம்.

இவை எல்லாவற்றிலும் பலகை திறந்தது, சில்லு மூடியது. சென்னை ஐஐடியின் சக்தி திட்டம், ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டு செயலியின் வடிவமைப்பையே பொதுவில் வைத்து, அதன்வழி அமைந்த ஒரு சில்லைச் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் உருவாக்கியுள்ளது. ஆயினும், இத்தகைய ஆலைகள் பெரும்பாலானவற்றின் உற்பத்தி விதிகள் இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுக்கே இன்றும் காட்டப்படுகின்றன.