சந்தை நாளில் ஒரு ஜபம்

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு நாள். போச்சம்பள்ளிக்காரர்களுக்கு அது சந்தை நாள். கோழி கூவுவதற்கு முன்பே கோழியை விற்க வருகிறவர்கள் வந்து விடுவார்கள். ஆடு கத்தும், லாரி உறுமும், காய்கறி மூட்டைகள் "தொப் தொப்" என்று விழும். இந்த ஆரவாரத்துக்கு நடுவில் கோவில் மணி அடித்தால், அதைச் சம்மனசுகள் வேண்டுமானால் கேட்கலாம். நம் காதில் விழுவது துர்லபம்.

நம் வீட்டுக்காரர் தானியக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் மற்ற ஆறு நாள் வியாபாரமும் அந்த ஒரு நாள் வியாபாரமும் சரியாயிருக்கும். நாமோ திங்கள் முதல் வெள்ளி வரையில் பள்ளிக்கூடத்தில் பிறர் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து நம் குழந்தைகள் மூவருக்கும் அதே பாடத்தை மறுபடி சொல்லுகிற ஜாதி. சனிக்கிழமை துணி துவைக்க. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த உறவினர்களுக்குச் சோறு போட. இதில் ஆண்டவருக்கு எந்தக் கிழமை?

இந்தக் கேள்வியை நாம் வெகு காலமாகக் கேட்டுக் கொள்ளாமலே சாமர்த்தியமாகத் தப்பித்து வந்தோம். கடைசியில் கேட்டவள் நம் கடைக்குட்டி.

கத்தோலிக்கர் வீடுகளில் மாலை ஜபமாலை சொல்லும் வழக்கத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அதில் ஐந்து தேவரகசியங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து அருள் நிறைந்த மந்திரம். நம் வீட்டில் ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன் சொல்ல, மற்றவர்கள் பின் சொல்லுவது வழக்கம். மாமியாருக்கு ஒரு பத்து, வீட்டுக்காரருக்கு ஒரு பத்து, குழந்தைகள் மூவருக்கும் மூன்று பத்து. ஆக ஐந்தும் சரியாய்ப் போயிற்று. வீட்டிலிருப்பவர்களோ ஆறு பேர்! ஆறாவது ஆசாமி சமையலறையிலிருந்து, குழம்பைக் கிளறிக் கொண்டே, "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று குரல் மட்டும் கொடுத்து வந்தாள். சில நாள் அந்தக் குரலும் தாளிக்கும் ஓசையில் அமுங்கிவிடும்.

ஒரு நாள் அபூர்வமாய் வேலை சீக்கிரம் முடிந்தது. நாமும் போய்ப் பாயில் உட்கார்ந்து, "இன்றைக்கு ஒரு பத்து நான் சொல்லட்டுமா?" என்று கேட்டோம்.

கடைக்குட்டிக்கு ஏழு வயது. தன் பங்கு பறிபோகிறதே என்ற பயத்தில், "அம்மாவுக்கு ஜபம் கிடையாது, அம்மாவுக்கு வேலைதான்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. குழந்தை பொய் சொல்லவில்லையே! பிறந்தது முதல் கண்ணால் கண்டதைத்தானே சொன்னாள்! அவள் வளர்ந்து ஒரு வீட்டுக்கு எஜமானி ஆகும்போது, ஜபம் என்பது அடுப்பாண்டை நிற்காதவர்களுக்கு ஏற்பட்டது என்றல்லவா நினைத்துக் கொள்வாள்?

நாம் பிறந்த ஊர் எலத்தகிரி. அங்கே விடியற்காலை, உச்சி வேளை, அந்தி என மூன்று முறை திரிகால ஜபத்துக்கு மணி அடிக்கும். நம் பாட்டி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு நிற்பாள். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். மறுபடி உலக்கை விழும். பாட்டிக்கு நம்மைவிட வேலை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கு மாவரைக்க யந்திரம் இருக்கிறது. துவைக்க யந்திரம் இருக்கிறது. பாட்டிக்கு இருந்தது, அவளை நிறுத்தி வைக்க ஒரு மணி.

வேலை மிகுந்த தாய்மார்களுக்கு எல்லோரும் ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. "நீ செய்யும் வேலையே ஜபந்தான் அம்மா" என்பார்கள். நல்ல வார்த்தைதான். இதற்கு அர்ச்சிஷ்டவர்களின் சாட்சியும் உண்டு. ரோமாபுரியில் பிரான்சிஸ்கா என்ற ஒரு மாது 1384 முதல் 1440 வரையில் வாழ்ந்தாள். மூன்று குழந்தைகளுக்குத் தாய்; பெரிய குடும்பத்தின் நிர்வாகி; கொள்ளைநோய்க் காலத்தில் தன் வீட்டையே ஆஸ்பத்திரியாக்கிய புண்ணியவதி. அவள் ஒரு நாள் தேவமாதாவின் ஜபப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தாளாம். ஒரு வரி படிப்பதற்குள் கணவன் கூப்பிட்டான். எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வந்து அதே வரியைத் தொடங்கினாள், மறுபடி அழைப்பு. இப்படியே நாலு தரம். முகம் சுளிக்காமல் போய் வந்தவள் கடைசியில் திரும்பியபோது, அந்த வரி பொன் எழுத்தில் மின்னியதாக ஐதிகம். 1608-ஆம் வருஷத்தில் அவளுக்கு அர்ச்சிஷ்ட பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையை நாம் எத்தனையோ தடவை நமக்குச் சௌகரியமாக உபயோகித்திருக்கிறோம். அன்று இரவுதான் ஒன்று தோன்றியது. பிரான்சிஸ்கா நாலு தரம் எழுந்து போனாள் என்பது உண்மை. ஆனால் நாலு தரம் திரும்பி வந்தாள் என்பதும் உண்மை அல்லவா? நாம் எழுந்து போனதோடு சரி. புத்தகம் எங்கே இருக்கிறது என்பதே மறந்து போயிற்று. வேலை ஜபமாவது, ஜபத்தையும் அறிந்த கைக்குத்தான். உப்பு குழம்பில் கரைந்திருக்கலாம். அதற்காக உப்பு ஜாடியே வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஆனால் நேரத்துக்கு எங்கே போவது? சுசன்னா வெஸ்லி என்ற ஆங்கிலேய மாதுக்கு (1669-1742) பத்தொன்பது குழந்தைகள் பிறந்து, பத்துக் குழந்தைகள் பிழைத்து வளர்ந்தன. அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. மெதாடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். தனி அறைக்கு வழியில்லாத அந்த அம்மாள், சமையலுக்குக் கட்டும் மேல்துணியைத் தலைமீது இழுத்துப் போட்டுக் கொள்வாளாம். அதுதான் அவளுடைய கோவில். துணி தலைமேல் இருக்கும்போது அம்மாவைக் கூப்பிடக் கூடாது என்று குழந்தைகளுக்குத் தெரியுமாம். வழிவழியாகச் சொல்லி வருகிற செய்தி இது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேசத்தில் காந்தியடிகளைவிட வேலை மிகுந்தவர் யார்? 1948 ஜனவரி 30-ஆம் தேதி மாலை, டில்லியில் சர்தார் படேலுடன் முக்கியமான பேச்சில் ஆழ்ந்திருந்தார். பிரார்த்தனைக்குரிய ஐந்து மணி தாண்டிவிட்டது. ஆபா என்ற பெண் கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். மகாத்மா எழுந்து, தாமதமாகிவிட்டதே என்று குறைபட்டுக் கொண்டே பிரார்த்தனை மைதானத்துக்கு நடந்தார். அந்த நடையில்தான் உயிர் துறந்தார்.

இரண்டு கதைகளிலும் நம் மனத்தில் தைத்தது ஒரே விஷயந்தான். சுசன்னாவின் ஜபத்தைக் குழந்தைகள் காத்தார்கள். மகாத்மாவின் பிரார்த்தனை நேரத்தை ஓர் இளம் பெண் காத்தாள். வீட்டில் எல்லோருடைய ஜபத்தையும் தாய் காக்கிறாள். விளக்கேற்றுகிறாள், பாய் விரிக்கிறாள், குழந்தைகளைக் கூட்டி உட்கார வைக்கிறாள். தாயின் ஜபத்தைக் காப்பவர் யார்?

மறுநாள் இதை வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "இத்தனை நாள் நீ கேட்கவே இல்லையே?" என்றார். கேட்டிருக்க வேண்டும் என்பது வாஸ்தவம். கேட்காமலே தெரிந்திருக்கலாம் என்பதும் வாஸ்தவம். மாமியார்தான் வழக்கைத் தீர்த்து வைத்தார்கள். "ஏம்ப்பா, தராசு பிடிக்கிற கை கரண்டி பிடிக்காதா?" என்றார்கள்.

அன்று முதல் காலை ஐந்தரை மணிக்குப் பத்து நிமிஷம் நம்முடையது. அடுப்பு அவர் பொறுப்பு. முதல் வாரத்தில் இரண்டு நாள் பால் பொங்கி வழிந்தது. ஒரு நாள் உப்புமாவில் உப்பே இல்லை. எழுந்து ஓடத் துடித்த கால்களை அடக்கி உட்கார்ந்திருந்தோமே, அதுவே பெரிய தபசு! கடைக்குட்டி தானாகவே காவல் வேலையை ஏற்றுக் கொண்டாள். கடிகாரத்தைக் கையில் வைத்துக் கொண்டு கதவருகில் உட்கார்ந்து, யார் வந்தாலும் உதட்டில் விரலை வைத்து விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சங்கடத்துக்கும் வழி பிறந்தது. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டப்படி, முந்தின நாள் மாலைப் பூசை கண்டாலும் ஞாயிற்றுக் கடன் தீரும். கைக்குழந்தையைப் பராமரிக்க வேண்டிய தாய்க்கு விலக்கு உண்டென்று 1992-இல் வெளியான மறைக்கல்வி நூலும் சொல்லுகிறது. சட்டத்துக்கு நம்மைவிடத் தாய்மார்மேல் தயவு அதிகம்! இப்போது கூடியவரையில் சனிக்கிழமை மாலை கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய் வருகிறோம்.

எல்லா வீட்டுக்கும் இதே ஏற்பாடு பொருந்தாது. நம் ஊர் சிப்காட்டில் 2021-ஆம் வருஷம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்த பிறகு, முறை வேலைக்குப் போகும் பெண்களைத் தினமும் பார்க்கிறோம். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் அடுத்த தெருச் சகோதரி ஒருத்திக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டில் இருக்கவே முடியாது. "கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினால் இறங்குவதற்குள் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்துவிடும் அக்கா" என்கிறாள். அவளுக்குப் பஸ்ஸே கோவில். பத்து நிமிஷம் எங்கே கிடைக்கிறது என்பது முக்கியமல்ல; அது அவளுடையது என்று மற்றவர்கள் ஒப்புக் கொள்வதுதான் முக்கியம்.

மாலை ஜபமாலையில் பங்குத் தகராறு மட்டும் சில நாள் நீடித்தது. ஐந்து பத்தை ஆறு பேருக்கு எப்படிப் பிரிப்பது? பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கே விடை தெரியவில்லை. ஒரு நாள் கடைக்குட்டி தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஜபமாலையின் ஒரு நுனியை நம் கையில் கொடுத்தாள்.

"எனக்கு அஞ்சு, உனக்கு அஞ்சு" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதிக்கும் சப்தம் கேட்டது. எழுந்து போனவர் அவர்.