சவரிமுடியும் கிணற்றுத் தண்ணீரும்

கலியாணத்துக்கென்று வாங்கிய சுருள் சவரிமுடி சில மாதங்களில் சொரசொரத்து, சிக்குப்பட்டு, சுருளும் குலைந்துபோனால் அச்சுவேலியில் பழி முதலில் கடைக்காரர் மேல்தான் விழும். மலிவு முடி, ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். சில வேளை அது உண்மையும்தான். ஆனாலும் முதலில் பார்க்கவேண்டியது நம் வீட்டுக் கிணற்றை என்பதே என் எண்ணம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பெய்யும் மழை அந்தக் கல்லூடாக இறங்கும்போது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். கோடையில் இறைப்பு மிஞ்சினால் தோட்டக் கிணறுகளிலும் உவர் மேலேறும்.

நம் தலையில் வளரும் மயிர் இந்தத் தண்ணீரை ஓரளவு தாங்கும். வேரடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது; மேலும் புதிய மயிர் வளர்ந்துகொண்டே வருகிறது. சவரிமுடிக்கு இவை இரண்டும் இல்லை. திருப்பதியில் காணிக்கையாக இறக்கி ஏலத்தில் போகும் முடி போல, வேர்ப்பக்கமெல்லாம் ஒரு புறமும் நுனியெல்லாம் மறுபுறமுமாக அடுக்கியதே உயர்ந்த ரகம். சீப்பிலும் தரையிலும் பொறுக்கிச் சேர்த்த முடியில் மயிரின் செதில்கள் எதிரெதிராகக் கிடந்து ஒன்றையொன்று பற்றும். அதை மறைக்க அமிலத்தில் செதிலை உரித்துவிட்டு சிலிக்கோன் பூசி விற்கிறார்கள். சில கழுவலில் பூச்சுப் போய்விடும். சாயமும் அமிலமும் பட்ட மயிர் கல்சியத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுருளில் இழைகள் ஒன்றோடொன்று உரசிக் கிடப்பதால் அந்தச் சொரசொரப்பு உடனே சிக்காகிவிடுகிறது.

அம்மம்மா காலத்திலும் இதே கிணறுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் சீயாக்காயும் வெந்தயமும் தேசிக்காயும் போட்டு அவித்த தண்ணீரில் முழுகினார்கள். சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரளும். சீயாக்காயின் நுரை அப்படித் திரளாது. தேசிக்காயின் புளிப்பு சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். அவர்கள் வைத்த சவரியும் பின்னலோடு பின்னிக் கிடந்த நேர்முடி. சுருளைக் காக்கும் பாடு அவர்களுக்கு இருக்கவில்லை. நிறைய எண்ணெய் வைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கழுவுமுன் பூசும் தேங்காயெண்ணெய் மயிரின் புரதம் கழுவிப்போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. எனவே நடுவிலிருந்து நுனிவரை பூசலாம். ஆனால் எண்ணெய் படிந்த சுண்ணாம்பை எடுக்காது. ஒட்டுப் பசையில் பட்டால் பிடியையும் இளக்கிவிடும்.

ஆகவே கழற்றக்கூடிய முடியைக் கழற்றி, பேசினில் மென்மையான ஷம்பூ விட்டு, கசக்காமல் அலசுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி கலந்து சில நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் கண்டிஷனர் போடவேண்டும். தேசிக்காய்ச் சாறு தோலில் பட்டபடி வெயிலில் நின்றால் தோல் புண்ணாகும், கையையும் கழுவிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, நிழலில் தொங்கவிடவேண்டும். காய்ந்த சுருளை வாரினால் அது பஞ்சாகப் பிரிந்துவிடும். செயற்கை இழையென்றால் சூட்டுக் கருவிகளைக் கிட்டவே கொண்டுபோகவேண்டாம், உருகிவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் முதல் மழையில் கூரை கழுவுப்பட விட்டு, அடுத்த மழையில் ஒரு வாளி பிடித்து, நுளம்பு முட்டையிடாதபடி மூடி வையுங்கள். பழுதாகிவிட்டதென்று ஒதுக்கிய சவரிமுடியை சுண்ணாம்பு கலக்காத அந்தத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பாருங்கள். புதிது வாங்குவதை அதன்பிறகு யோசிக்கலாம்.