அப்பாவின் ரிப்போர்ட்டும் அம்மாவின் தட்டும்

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அலமாரியில் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 262. 200-க்குள் இருக்க வேண்டியது. அதில் 'கெட்டது' என்கிற எல்.டி.எல். மட்டும் 178.

நாமதான் மெக்கானிக்கல் ஆச்சே! "பாய்லர் ட்யூப்ல உப்புப் படியற மாதிரிதாம்மா" என்று அம்மாவுக்கு லெக்சர் அடித்தேன். டாக்டர் திருத்தினார். குழாயின் உள்பக்கம் ஒட்டுவதல்ல, ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து படிகிறதாம். சுரண்டி எடுக்க முடியாது. சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு மாத்திரை, தனிச் சட்டி. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சடித்த எண்ணெய்ப் பாக்கெட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தேன். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் இல்லை, நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. வனஸ்பதி இன்னும் மோசம். ஆகவே கடலை எண்ணெய், அதுவும் அளவாக. தினமும் கொண்டைக்கடலை, காராமணி, வெண்டைக்காய், ஓட்ஸ் என்று ஏதாவது ஒன்று. இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து, குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். புதிய பித்தம் செய்ய, கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும்.

மூன்றே மாதத்தில் எல்.டி.எல். 112! வீடே சந்தோஷப்பட்டது.

அன்று ராத்திரிதான் அம்மாவின் தட்டைப் பார்த்தேன். ரேஷன் பாமாயிலில் பொரித்த அப்பளம், தம்பி வைத்த மிச்சம், முந்தின நாள் குருமா.

"என்னம்மா இது?"

"வீணாப் போகுதேடா... எனக்கென்ன வியாதியா?"

அம்மாவுக்கு இதுவரை யாரும் டெஸ்ட் எடுத்ததே இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். ஏறும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே அழைத்துப் போனேன்.

எல்.டி.எல். 191. அப்பாவைவிட அதிகம்!

"எனக்கு எங்கயும் வலிக்கலையேடா" என்றாள் அம்மா. அதுதானே நண்பர்களே சிக்கல்? இது வலிக்காது.

இப்போது அம்மாவுக்கும் மாத்திரை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டி.

ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். வீட்டில் ஓயாமல் ஓடுகிற ஒரு மெஷினை மட்டும் பார்க்கத் தவறிவிட்டேன். அடுத்த லீவில் நீங்களும் அம்மாவின் தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்