வண்டியேறிய நூல்கள்

1931ஆம் ஆண்டு மன்னார்குடி வட்டாரத்து ஊர்களுக்கு ஒரு மாட்டு வண்டி நூல்களைச் சுமந்து சென்றது. கனகசபைப் பிள்ளை அவர்கள் உருவாக்கிய அந்த நடமாடும் நூலகத்தை மேலவாசலில் தொடங்கி வைத்தவர், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்னும் விதி அடங்கிய நூலை அவர் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. வாசகர் வர இயலாவிடின் நூல் அவரைத் தேடிச் செல்லவேண்டும் அல்லவா?

எமது பள்ளியின் நூல் அலமாரி வாரத்தில் மூன்று மணி நேரமே திறந்திருக்கும். ஆகவே சென்ற ஆண்டு முதல் நண்பர்கள் சிலரும் யானும் நூல்களைப் பெட்டியில் இட்டு, முதியோர் உள்ள இல்லங்களுக்குக் காரில் எடுத்துச் செல்கின்றோம். (அங்கே கிடைக்கும் முறுக்கைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்!) பனிக்காலத்தில் வெளியே வர இயலாத பாட்டிமார் படிக்க, தமிழ் எழுத்தில் தடுமாறும் பேரப்பிள்ளைகள் கேட்கின்றனர்.

ஓர் இல்லத்தில், கதையின் நடுவே பாட்டியாருக்குக் கண் வலித்துவிட்டது. முடிவை அறியும் ஆவலில் எட்டு வயதுப் பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினானாம். ஒரு பக்கத்திற்கு அரை மணி நேரம் ஆயிற்றாம். அந்நூல் இன்னும் எம்மிடம் திரும்பவில்லை. நாமும் கேட்கவில்லை.