யூரியாத் தண்ணி

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 லாரிக்கு டீசல் மட்டும் போதாது. நீல மூடி போட்ட சின்ன டேங்க்கில் யூரியாத் தண்ணியும் ஊத்தணும். 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணி. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அது முறிக்கிறது. தீர்ந்துபோனால் இழுவை குறையும். அப்புறம் வண்டி ஊர்ந்துதான் போகும்.

யூரியா எங்களுக்குப் புதுசில்லை. எங்க ஆயா ஆண்டை வயலில் வெறுங்கையால் வீசியவள். வெடித்த விரலில் பட்ட எரிச்சலை ராத்திரியெல்லாம் சொல்லும். திருவதிகையை அப்பருக்குச் சூலை தீர்ந்த ஊர் என்பார்கள். எங்க எரிச்சல் தீர்ந்ததாக எந்தப் புராணமும் இல்லை.

'வயலுக்குப் போடற யூரியாவக் கரைச்சு ஊத்துடா, காசு மிச்சம்' என்கிறார்கள். 2015 முதல் மானிய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. ஊற்றினால் சைலன்சர் பக்கமுள்ள வினையூக்கி பாழ். மானிய உரத்தை இப்படித் திருப்புவது குற்றமும்கூட.

பலாப்பழ லோடுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் 20 லிட்டர் வாளி கேட்டேன். 'ஓனர போன் பண்ணச் சொல்லுப்பா' என்றார். வண்டி என் பேரில், கடனும் என் பேரில். ஆர்.சி.யைக் காட்டினேன். தெருப் பேரைப் படித்துவிட்டு, 'காலனியா?' என்றார். வாளியைக் கையில் தராமல் தரையில் வைத்தார். சீல் உடைந்திருந்தது. 'வேற குடுங்க' என்றேன். முனகிக்கொண்டே எடுத்து வந்தார். அதையும் தரையில்தான் வைத்தார். பில் போடச் சொன்னேன், என் பேரில்.