பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடுறதோ?

"சேமிப்பிடம் நிறைந்துவிட்டது" எண்டு போன் சொல்லத் தொடங்கி கனகாலம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 இல இருந்து வரம்பில்லாத இலவசத்தை நிறுத்தியது. அதுக்குப் பிறகு ஏற்றுற படமெல்லாம் 15 ஜிபி கணக்கிலதான் விழும். ஈமெயிலும் அதே கணக்குத்தான். கொஞ்சக் காலம் காசு கட்டினேன். 2022இல் 200 ரூபாவுக்கு நின்ற டொலர் சில மாதத்தில 360ஐத் தொட்டபோதுதான், வீட்டுப் படங்களுக்கு மாதாமாதம் டொலர்க் கணக்கில வாடகை கட்டுறேன் எண்டது உறைத்தது.

அப்படித்தான் 'நாஸ்' தேடத் தொடங்கினேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்த ஒரு சின்னக் கணினிதான் அது. ரவுட்டரோட வயரால பூட்டிவிட்டால் வீட்டில உள்ள எல்லாப் போனும் படங்களை அதுக்குள்ள அனுப்பும்.

முதல் யோசனை, மூலையில கிடந்த பழைய டெஸ்க்டொப். மென்பொருள் இலவசம். ஆனால் கரண்ட்? 60 வாட் எண்டு வைத்தால், நாள் முழுக்க ஓடினால் மாதம் 43 யுனிட். இரண்டு டிஸ்க் நாஸ் 20 வாட் எண்டால் 14 யுனிட்தான். எங்கட பில் யுனிட் கூடக் கூடப் படியேறுற பில். டெஸ்க்டொப் யோசனை அதோட முடிந்தது.

அடுத்தது டிஸ்க். மலிவான சிலதில தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல ஒன்று அடுக்கி எழுதுவார்கள். பழுதான டிஸ்க்கை மாற்றித் தரவைத் திருப்பி நிரப்பும்போது அது ஆமை வேகம். நாஸுக்கெண்டே செய்த, தடம் அடுக்காத டிஸ்க் இரண்டு எடுத்தேன், 4 டிபி படி. திடீரெண்டு கரண்ட் போனால் பெட்டி ஒழுங்காக நிற்க ஒரு சின்ன யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் இருட்டில இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அம்மாவுக்குப் பெருமையாகச் சொன்னேன்: "இரண்டு டிஸ்க்கிலயும் ஒரே படம்தான் அம்மா. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்."

அம்மா பெட்டியைப் பார்த்தா. "இரண்டும் ஒரு பெட்டிக்குள்ளதானே பிள்ளை? வெளிக்கிடச் சொன்னா இதையும் தூக்கிக்கொண்டு ஓடுறதோ?"

நான் வாயே திறக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது, அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தா. கல்யாண அல்பம் பாரமெண்டு அலுமாரியிலயே விட்டா. அடுத்த வருசம் திரும்பி வர அலுமாரியே இல்லை. இப்ப எங்கட சுவரில இருக்கிற ஒரே கல்யாணப் படம், அதுக்கு முதலே கடிதத்தோட கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கு அனுப்பினது. பின்பக்கத்தில அம்மாவின் கையெழுத்து இன்னும் இருக்கு.

இணையத்தில படித்த விதியும் இதைத்தான் சொல்லுது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில. படித்தும் நான் அந்தக் கடைசியைத் தட்டிக்கழித்திருந்தேன். இரட்டை டிஸ்க், டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் காவல். தவறி அழித்த படம் இரண்டிலயும் அழியும். களவு, தீ, வெள்ளம் எண்டால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

பிறகு பழைய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில கடவுச்சொல் போட்டு, எல்லாவற்றையும் பிரதியெடுத்து வவுனியாவில அக்கா வீட்டில வைத்திருக்கிறேன். கடவுச்சொல் எழுதின தாள் அம்மாவின் உறுதிப் பையில. போகும்போதெல்லாம் டிஸ்க்கைக் கொண்டுவந்து புதுப்பிக்கிறேன். ஒருக்கா நாலு படத்தை வேணுமெண்டே அழித்து, அதிலயிருந்து திருப்பி எடுத்தும் பார்த்தேன். வந்தது. காசு கட்டுறதை அதுக்குப் பிறகுதான் நிறுத்தினேன். இலவச 15 ஜிபியில மிக முக்கியமான படங்கள் மட்டும் இன்னும் இருக்கு.

நீங்களும் வாங்கப் போறீங்கள் எண்டால், எத்தனை டிபி எண்டு கடையில கேட்க முதல், மற்றப் பிரதி ஆற்ற வீட்டில எண்டு முடிவெடுங்கோ.